ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி

கண்மணி, தொண்டை வலிக்கிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறாய் அல்லவா? அவர் என்ன செய்வார்? சின்ன டார்ச் விளக்கை எடுப்பார். "வாயைத் திற, ஆ சொல்லு" என்பார். தட்டைக் குச்சியால் நாக்கை மெல்ல அழுத்தி, உள்ளே எட்டிப் பார்ப்பார். பிறகு சீட்டில் மருந்து எழுதித் தருவார். நாலைந்து நாளில் வலி போய்விடும்.

இப்போது ஒரு கேள்வி. அந்த வலி மருந்தால் போனதா? மருந்து சாப்பிடாவிட்டாலும் போயிருக்குமா?

கொஞ்சம் யோசி. அவசரம் இல்லை.

"எனக்கு எப்படித் தெரியும்? மருந்து சாப்பிட்டேன், சரியாகிவிட்டது. சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பார்க்கவில்லையே!" என்று நீ நினைத்தால், சபாஷ்! மிகப் பெரிய கேள்வியின் வாசலுக்கே வந்துவிட்டாய். உலகத்தின் பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் மோதிப் பார்த்த கேள்வி அது.

சாதாரணத் தொண்டை வலி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே ஆறும். அதனால்தான் அதில் எந்த மருந்து வேலை செய்தது என்று சொல்வது அத்தனை கடினம். ஆனால் எல்லாத் தொண்டை நோயும் இவ்வளவு சாது இல்லை. ஒரு பொல்லாத நோய் இருந்தது. அதன் கதையை உனக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

அதன் பெயர் தொண்டை அடைப்பான். டாக்டர்கள் டிப்தீரியா என்பார்கள். ஒரு கிருமி தொண்டையில் வந்து உட்காரும். அங்கே சாம்பல் நிறத்தில் தடித்த சவ்வு ஒன்று படரும். அது மூச்சு போகும் வழியையே அடைத்துவிடும். அது மட்டும் இல்லை. அந்தக் கிருமி ஒரு நஞ்சையும் சுரக்கும். நஞ்சு ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கும், நரம்புகளைத் தாக்கும். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் இந்த நோய் நுழைந்த வீட்டில் அம்மாக்கள் தூங்கவே மாட்டார்கள்.

1890-இல் ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் எமில் பெரிங், கிட்டாசாட்டோ ஷிபாசாபுரோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஓர் அருமையான விஷயத்தைக் கண்டார்கள். ஒரு விலங்குக்கு இத்தகைய கிருமி நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால், அதன் ரத்தத்தில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகிறது! அந்த ரத்தத்தின் தெளிந்த நீரை எடுத்து நோயாளிக்கு ஊசியாகப் போட்டால் அவருக்கும் அது உதவும். அந்த நீருக்குச் சீரம் என்று பெயர். பிற்பாடு குதிரைகளிடமிருந்து நிறையச் சீரம் எடுத்தார்கள். குதிரை பெரிய பிராணி, நிறைய ரத்தம் கிடைக்கும் இல்லையா? மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பெரிங்குக்குத்தான் போனது.

1894-இல் பாரிஸ் நகரத்தில் எமில் ரூ என்ற டாக்டர், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் இந்தச் சீரத்தைக் கொடுத்துப் பார்த்தார். முந்தைய வருஷங்களில் அங்கே தொண்டை அடைப்பான் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்துகொண்டிருந்தார்கள். சீரம் வந்தபின் அது கால்வாசியாகக் குறைந்தது.

அடடா, மருந்து வெற்றி! அப்படித்தானே?

நில், கண்மணி. கைதட்டுவதற்கு முன்னால் என்னோடு மொட்டை மாடிக்கு வா. பட்டம் விடுவோம்.

நேற்று உன் பட்டம் வால் இல்லாமல் பறந்தது. மேலே போகாமல் குட்டிக்கரணம் போட்டுக் கீழே விழுந்தது. இன்று நீளமான வால் கட்டினாய். ஜிவ்வென்று மேலே ஏறியது. "வால்தான் காரணம்!" என்று குதிக்கிறாய். ஆனால் நேற்றைய காற்று வேறு, இன்றைய காற்று வேறு. இன்று வால் இல்லாமலே கூட அது ஏறியிருக்கலாமே? உண்மை தெரிய என்ன செய்வாய்? ஒரே அளவில், ஒரே காகிதத்தில் இரண்டு பட்டம் செய்வாய். ஒன்றுக்கு வால் கட்டுவாய். மற்றதைச் சும்மா விடுவாய். ஒரே மாடியில், ஒரே நேரத்தில், ஒரே காற்றில் இரண்டையும் ஏற்றுவாய். அப்போதுதான் வாலின் குணம் தெரியும்.

புரிகிறதா? புரியாவிட்டால் இந்தப் பகுதியை இன்னொரு தடவை படி. மேலே சொல்லப்போவது முழுவதும் இதை நம்பித்தான் நிற்கிறது.

தொண்டை அடைப்பானுக்கும் காற்று மாறும். சில வருஷம் அது கொடுமையாக வரும், நிறையப் பேர் இறப்பார்கள். சில வருஷம் லேசாக வந்து போகும். சீரம் போட்ட வருஷம் நோயே லேசாக இருந்திருந்தால்? பெருமை சீரத்துக்குப் போய்விடுமே!

டென்மார்க் நாட்டின் தலைநகரம் கோபன்ஹேகன். அங்கே பிளெக்டாம் மருத்துவமனையில் யோஹான்னஸ் ஃபிபிகர் என்ற இளம் டாக்டர் வேலை பார்த்தார். 30 வயது கூட ஆகவில்லை. அவருக்கு இந்தச் சந்தேகம் வந்தது. சீரத்துக்குத் தொல்லைகளும் இருந்தன. குதிரையின் சீரம் உடம்புக்குப் பழக்கம் இல்லாதது. பலருக்குக் காய்ச்சல் வந்தது, தோல் தடித்துச் சிவந்தது, மூட்டு வலித்தது. தொல்லை தரும் மருந்து நிஜமாகவே உயிரைக் காப்பாற்றுகிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

ஃபிபிகர் ஒரு எளிய வழியைப் பிடித்தார். இன்று மருத்துவமனைக்கு வரும் தொண்டை அடைப்பான் நோயாளிகள் எல்லாருக்கும் வழக்கமான கவனிப்போடு சீரமும் உண்டு. நாளை வருபவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மறுநாள் வருபவர்களுக்கு மறுபடி சீரம். ஒருநாள் விட்டு ஒருநாள்!

இதில் என்ன அழகு என்று பார். ஒரே ஊர். ஒரே மருத்துவமனை. ஒரே வருஷம். அதே செவிலியர், அதே கட்டில், அதே கஞ்சி. நோய் கொடுமையாக வந்தாலும் இரண்டு கூட்டத்துக்கும் கொடுமைதான். லேசாக வந்தாலும் இருவருக்கும் லேசுதான். வித்தியாசம் சீரம் ஒன்றுதான்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. இதை நீயே கண்டுபிடி பார்ப்போம். யாருக்கு ஊசி என்று டாக்டரே ஆள் பார்த்து முடிவு செய்தால் என்ன கெடுதல்?

ஆம்! டாக்டர் இளகிய மனசுக்காரராக இருந்தால், மிகவும் முடியாத குழந்தைக்குத்தான் ஊசி போடுவார். அப்போது ஊசி போட்ட கூட்டத்தில் மோசமான நோயாளிகள் சேர்ந்துவிடுவார்கள். நல்ல மருந்து கூடக் கெட்ட பெயர் வாங்கும். ஆகவே டாக்டரின் மனசு நடுவே வரக்கூடாது. நாள்காட்டி முடிவு செய்யட்டும்.

1896 மே 13-இல் தொடங்கியது. 1897 மே மாதம் வரை, சரியாக ஒரு வருஷம் நடந்தது. மொத்தம் 484 நோயாளிகள். சீரம் கிடைத்தவர்கள் 239 பேர், அவர்களில் 8 பேர் இறந்தார்கள். சீரம் கிடைக்காதவர்கள் 245 பேர், அவர்களில் 30 பேர் இறந்தார்கள்.

பென்சிலை எடு. நூற்றுக்கு எத்தனை என்று கணக்குப் போடு. முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 3 சொச்சம். இரண்டாவதில் நூற்றுக்கு 12 சொச்சம். வந்ததா? கெட்டிக்காரி! கெட்டிக்காரன்!

இனி சந்தேகம் இல்லை. சீரம் உயிரைக் காப்பாற்றுகிறது. 1898-இல் ஃபிபிகர் இதை எழுதி வெளியிட்டார்.

உன் முகம் கொஞ்சம் வாடிவிட்டது, எனக்குத் தெரிகிறது. "அந்த 30 பேருக்கும் ஊசி போட்டிருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்களே?" என்றுதானே நினைக்கிறாய்? நானும் அதை நினைத்து வருந்தியிருக்கிறேன். அப்படி வருந்துவது நல்ல மனசு. ஆனால் சோதனை தொடங்கிய நாளில் யாருக்கும் விடை தெரியாது. சீரம் காப்பாற்றுமா, கெடுக்குமா என்று அங்கே இருந்த டாக்டர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். விடை தெரிந்துவிட்ட பிறகு ஒருவருக்குக் கூட மருந்தை மறுக்கக்கூடாது. இன்றைக்கு இது கண்டிப்பான விதி. சோதனை நடக்கும்போதே வேறு ஒரு குழு கணக்கைக் கவனித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் தெளிவாக நன்மை தெரிந்தால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிடலாம்.

ஃபிபிகரைப் பற்றி ஒரு வினோதமான செய்தி. அவருக்கு 1926-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்தச் சோதனைக்காக இல்லை! ஒரு வகைப் புழுவால் எலிகளுக்குப் புற்றுநோய் வருகிறது என்று சொன்னதற்காக. அந்த முடிவு தவறு என்று பின்னால் தெரிந்தது. என்னைக் கேட்டால், பரிசை அந்த எளிய நாள்காட்டிக்கே கொடுத்திருக்க வேண்டும்.

தொண்டை அடைப்பானுக்குப் பிற்பாடு தடுப்பூசியும் வந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோதே உனக்கு அதைப் போட்டிருப்பார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் மறுபடி போடுவார்கள். கை கொஞ்சம் வலிக்கும், ஆனால் ஓடி ஒளியாதே. அந்தச் சாம்பல் நிறச் சவ்வை நீ பார்க்காமலே வளர்வது அந்த ஊசியால்தான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் முறையில் ஒரு ஓட்டை உண்டு. இன்று ஊசி இல்லாத நாள் என்று டாக்டருக்கு முன்பே தெரியுமே! தெரிந்த குழந்தை வந்தால், "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிடலாம். அதனால் பிற்பாடு சீட்டுக் குலுக்கும் முறை வந்தது. பிரிட்டனில் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற கணக்கு மேதை, காசநோய் மருந்துச் சோதனை ஒன்றில் சீட்டுகளை ஒட்டிய உறைக்குள் வைத்தார். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். 1948-இல் அந்த முடிவு வெளிவந்தது. இன்று உலகம் முழுவதும் இந்தக் குலுக்கல்தான். இப்போது கம்ப்யூட்டர் குலுக்குகிறது.

சரி, தொண்டையிலேயே இன்னொரு இடத்துக்குப் போவோம். கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பெரிதாகத் திற. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னச் சதை உருண்டைகள் தெரிகின்றனவா? அவைதான் டான்சில். வாய் வழியாக வரும் கிருமிகளை அவை முதலில் சந்திக்கின்றன. சின்ன வயதில் பெரிதாக இருக்கும். வளர வளரச் சுருங்கும். சிலருக்கு அடிக்கடி வீங்கி வலி கொடுக்கும்.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் டாக்டர்கள் டான்சிலை வெட்டி எடுப்பதில் மிகவும் சுறுசுறுப்பாக இருந்தார்கள். 1934-இல் வெளியான ஒரு ஆய்வைக் கேள். நியூயார்க் நகரத்துப் பள்ளிகளில் 11 வயதுக் குழந்தைகள் 1000 பேரை எடுத்தார்கள். அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது! மீதி 389 பேரை டாக்டர்களிடம் காட்டினார்கள். "இவர்களில் 174 பேருக்கு எடுக்க வேண்டும்" என்றார்கள்.

வேண்டாம் என்று சொல்லப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டர்கள், "99 பேருக்கு எடுக்க வேண்டும்" என்றார்கள்.

அங்கேயும் வேண்டாம் என்று தப்பித்த 116 பேரை மூன்றாவது தடவை இன்னும் வேறு டாக்டர்களிடம் அனுப்பினார்கள். என்ன நடந்திருக்கும்? ஊகித்துச் சொல்.

மறுபடியும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு எடுக்கச் சொன்னார்கள்!

அந்த டாக்டர்கள் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதே. அவர்கள் உண்மையாகவே உதவ நினைத்தவர்கள். ஆனால் இருக்கும் குழந்தைகளில் பாதிப்பேருக்கு எடுக்க வேண்டும் என்று கண் பழகிவிட்டது. பழகிய கண் புதிதாகப் பார்ப்பதில்லை. யாருக்கு உண்மையில் பலன் என்று ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அன்றைக்கு மிகவும் குறைவு. பாவம், எத்தனை குழந்தைகள் காரணம் இல்லாமல் வலியைத் தாங்கியிருப்பார்கள்!

பிட்ஸ்பர்க் நகரத்தில் ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவர் இதைச் சரியாகப் பார்த்துவிடுவது என்று இறங்கினார். அவர் சும்மா இரண்டு தடவை தொண்டை வலித்த குழந்தைகளைச் சேர்க்கவில்லை. ஒரே வருஷத்தில் 7 தடவையாவது வந்திருக்க வேண்டும். அல்லது இரண்டு வருஷம், வருஷத்துக்கு 5 தடவை. அல்லது மூன்று வருஷம், வருஷத்துக்கு 3 தடவை. ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்த சான்று வேண்டும். இப்படி நிஜமாகவே அவதிப்பட்டவர்களைத்தான் எடுத்தார்.

1984-இல் முடிவு வந்தது. அறுவை செய்துகொண்ட குழந்தைகளுக்கு அடுத்த இரண்டு வருஷம் தொண்டை நோய் குறைவாக வந்தது. ஆக, இத்தனை அவதிப்படுகிறவர்களுக்கு அறுவை உதவுகிறது. ஆனால் இதையும் கவனி. அறுவை செய்யாமல் காத்திருந்த குழந்தைகளிலும் பலருக்கு நோய் தானாகவே குறைந்துபோயிருந்தது! அதனால் இரண்டு வழியும் தப்பில்லை என்று ஆனது. அந்த 7, 5, 3 என்ற கணக்கை டாக்டர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். "அடிக்கடி வருகிறது" என்று யாராவது சொன்னால், "எத்தனை தடவை?" என்று எண்ணிக் கேட்கிறார்கள்.

இப்போது காதுக்கு வருவோம். காதும் தொண்டையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று உனக்குத் தெரியுமா? மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியிலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. கொட்டாவி விடும்போது காதில் 'டப்' என்று கேட்கிறதே, அது இந்தக் குழாய் திறக்கும் சத்தம். சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாக, அவ்வளவாகச் சரிவு இல்லாமல் படுத்தாற்போல இருக்கும். சளி பிடித்தால் சுலபமாக அடைத்துக்கொள்ளும். அப்போது செவிப்பறைக்குப் பின்னால், காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் தேங்கும். வலி கூட இருக்காது. ஆனால் சத்தம் மங்கலாகக் கேட்கும். பள்ளி மணி எங்கேயோ தூரத்தில் அடிப்பதாகத் தோன்றும்.

சிலருக்கு இந்த நீர் சில வாரத்தில் வடிந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். அப்படி நின்றால் செவிப்பறையில் மிகச் சின்னத் துளை போட்டு, ஒரு குட்டிக் குழாயைச் செருகி வைப்பார்கள். அதன் வழியாகக் காற்று உள்ளே போகும். நீர் வற்றும்.

டாக்டர்களுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. பேச்சுக் கற்றுக்கொள்ளும் வயதில் காது மந்தமாக இருந்தால், பேச்சு பின்தங்குமே? படிப்பும் கெடுமே? அதனால் சீக்கிரம் குழாய் வைத்துவிட வேண்டும் என்று நினைத்தார்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. நீயும் நானும் அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்போம்.

நம் பாரடைஸ் இங்கேயும் வந்தார். அவர் குழு பிட்ஸ்பர்க் பகுதியில் 6350 கைக்குழந்தைகளைச் சேர்த்து, அவர்கள் காதுகளை விடாமல் பார்த்துக்கொண்டே வந்தது. எத்தனை பொறுமை பார்! அவர்களில் நீர் வெகுநாள் தேங்கி நின்ற 429 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு உடனே குழாய். மற்றவர்களுக்கு 9 மாதம் வரை காத்திருந்து, அப்போதும் நீர் நின்றால் குழாய். பெற்றோரின் சம்மதத்தோடுதான் எல்லாம்.

காத்திருந்தவர்களில், 3 வயது நிறைவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் குழாய் வைத்திருந்தார்கள். மற்ற பெரும்பாலோருக்கு அது தேவைப்படவில்லை.

பேச்சு? 3 வயதில் இரண்டு கூட்டத்தையும் சோதித்தார்கள். பேச்சில், புரிந்துகொள்வதில் வித்தியாசம் இல்லை. அதோடு விடவில்லை. அந்தக் குழந்தைகள் உன் வயதுக்கு வளரும்வரை காத்திருந்தார்கள். 9 முதல் 11 வயதில் மறுபடி கூப்பிட்டு, வாசிக்கச் சொன்னார்கள், எழுதச் சொன்னார்கள், கவனத்தையும் பழகும் விதத்தையும் பார்த்தார்கள். அப்போதும் வித்தியாசம் இல்லை! 2007-இல் அதை வெளியிட்டார்கள்.

அதற்காகக் குழாயே வீண் என்று எடுத்துக்கொள்ளாதே. இந்த ஆய்வில் இருந்தவர்கள் மற்றபடி ஆரோக்கியமான சின்னக் குழந்தைகள். காது மிகவும் மந்தமாகிவிட்டவர்களுக்கும், பிறவியிலேயே அண்ணத்தில் பிளவு உள்ளவர்களுக்கும் கணக்கு வேறு. அவர்களுக்குக் குழாய் பெரிய துணை. மற்றக் குழந்தைகளுக்கு இப்போது வழக்கமாக மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கிறார்கள். பொறுப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. காதை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும், கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். உன் தம்பியோ தங்கையோ டி.வி.யை மிகவும் சத்தமாக வைத்தாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, உடனே திட்டாதே. அம்மாவிடம் சொல், டாக்டர் காதைப் பார்க்கட்டும். தொண்டை வலி காய்ச்சலோடு வந்தாலும், மூச்சுவிடச் சிரமமாக இருந்தாலும், காதில் சீழ் வந்தாலும் ஆய்வு, காத்திருப்பு என்றெல்லாம் நீயே முடிவு செய்யக்கூடாது. நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

கடைசியாக உனக்கே உரிய ஒரு செய்தி. நம் நாட்டில் இப்படி ஒரு ஆய்வில் குழந்தைகளைச் சேர்க்க வேண்டும் என்றால், முதலில் ஒரு நெறிமுறைக் குழு அதைப் படித்து அனுமதி தர வேண்டும். அம்மா அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அது மட்டும் போதாது. குழந்தைக்கு 7 வயது ஆகிவிட்டால், அந்தக் குழந்தையிடமும் கேட்க வேண்டும்! 12 வயதுவரை வாயால் சொன்னால் போதும். அதற்கு மேல் என்றால் எழுத்தில் கேட்பார்கள். உனக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகுதான் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு.

அப்படி ஒரு டாக்டர் உன்னிடம் வந்து கேட்டால், நீயும் அவரிடம் தைரியமாகக் கேள்: "எத்தனை கூட்டமாகப் பிரிக்கிறீர்கள்? நான் எதில் என்று யார் முடிவு செய்வார்கள்? இன்னொரு கூட்டத்துக்கு என்ன கொடுப்பீர்கள்? நடுவில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வீர்கள்?" நல்ல டாக்டராக இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார்.